பாசையூர் மீனில் ஜப்பான் மீன்சோறு செய்யலாமா?

கொழும்புத்துறைக்காரி:

சமையல் பகுதியில் போடுவதா சுகாதாரப் பகுதியில் போடுவதா என்று யோசித்துவிட்டு இங்கேயே போடுகிறேன். சோற்றின் மேல் பச்சை மீன் துண்டுகளை அடுக்கித் தருகிற ஜப்பான் சாப்பாடு ஒன்று இருக்கிறது, கைசென்டொன் என்கிறார்கள். அதை எங்கள் வீட்டுக் குசினியில், எங்கள் யாழ்ப்பாணத்துச் சந்தை மீனை வைத்துச் செய்ய முடியுமா? செய்தால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு நம்பிக் கொடுக்கலாமா?

ஏன் இந்த ஆசை என்று கேட்பீர்கள். ஆசை என்னுடையதல்ல, மகனுடையது. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். ஜப்பான் கார்ட்டூன் பார்த்தே வளர்ந்த பிள்ளை. அம்மாவின் கனடா விசா அலுவலாகக் கொழும்புக்குப் போன இடத்தில், மத்தியானச் சாப்பாடு ஜப்பான் கடையில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றான். அம்மா, நான், அவன் மூன்று பேரும் போனோம். இப்போது பிறந்தநாளுக்குப் புரியாணியும் வேண்டாமாம், கேக்கும் வேண்டாமாம். அந்தச் சோறுதான் வேண்டுமாம்.

சாப்பிட்டது என்ன என்று சொன்னால்தான் தெரிந்தவர்கள் பதில் சொல்ல வசதி. ஒரு ஆழமான கறுப்புக் கோப்பை. அடியில் சோறு. அதன் மேல் கடும் சிவப்பில் சூரை, செம்மஞ்சளில் சல்மன், வெள்ளையாக ஊசிக் கணவாய், வட்டமான சிப்பிச் சதை, வாலை மட்டும் விட்டு உரித்த இறால், இனிப்பான தடித்த முட்டைப் பொரியல் ஒரு துண்டு, ஒரு கரண்டி சல்மன் முட்டை. ஓரத்தில் பச்சை நிறத்தில் வசாபி என்கிற காரப் பசை, ரோஸ் நிறத்தில் இஞ்சி ஊறுகாய், விளிம்பு வாள்போல வெட்டுப்பட்ட ஒரு இலை. பக்கத்தில் மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் மிசோ என்கிற சோயா விழுதில் செய்த சூப். ஒரு கோப்பை நாலாயிரத்துக்கு மேல். கணக்கைப் பார்த்து அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார்.

நான் மீன் பார்க்கத் தெரிந்த வீட்டில் பிறந்தவள். அப்பா விடிய எழும்பிச் சைக்கிளில் பாசையூருக்குப் போவார். பூவை (செவுளை) திறந்து பார்க்காமல் ஒரு மீன் வாங்கமாட்டார். அந்தப் பழக்கத்தில் நானும் சூரைத் துண்டைத்தான் முதலில் தூக்கிப் பார்த்தேன். விரலகலம், நரம்புக்குக் குறுக்கே ஒரே இழுப்பில் வெட்டியது. ஓரம் எங்கும் பிசிறு இல்லை. சூரையில் வழக்கமாக இருக்கிற அந்தக் கறுத்த இரத்தச் சதையை முழுதாக எடுத்திருந்தார்கள். கோப்பையின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டிருக்கவில்லை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன், மணமே இல்லை. வாயில் மீன் குளிர்ச்சி, சோறு இளஞ்சூடு, அதில் லேசான புளிப்பும் சீனியும். கணவாய் முதலில் நறுக்கென்றது, மென்ற பிறகுதான் இனித்தது. நாங்கள் கணவாயைக் கறியாக்கும்போது அந்த இனிப்பு எங்கே போகிறது என்று அன்று முழுக்க யோசித்தேன்.

அம்மா வெள்ளிக்கிழமை என்று மரக்கறியை மாவில் தோய்த்துப் பொரித்ததும், சோறும், சூப்பும் எடுத்தார். எங்கள் கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "இவங்கள் அடுப்பு மூட்ட மறந்து போனாங்களோ?"

இனி என் சந்தேகங்கள். எங்கள் பக்கத்து மீனில் எது இதற்குச் சரிவரும்? பிரிஜ்ஜின் மேல்தட்டில் வைத்து உறைய விட்டால் போதுமா? சோற்றுக்கு எந்த அரிசி? வினாகிரி எவ்வளவு? பிறகு, சாப்பிடுகிற முறை. நான் வசாபியைச் சோயா சோசில் கரைத்து மேலே ஊற்றிச் சாப்பிட்டேன். மகன் ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, "நீங்கள் செய்யிறது பிழை அம்மா" என்று வழி நெடுக, கொடிகாமம் தாண்டும்வரை சொல்லிக்கொண்டு வந்தான். யார் சரி என்று யாராவது தீர்த்து வைத்தால் புண்ணியம்.

சோளகக்காற்று:

பச்சை மீனுக்கு நாலாயிரமோ! சின்னக்கடையில் நாலாயிரத்துக்கு வீடு முழுக்கச் சாப்பிட விளைமீன் வாங்கி, பாதியைக் குழம்பும் பாதியைப் பொரியலும் வைத்துவிட்டு மிச்சக் காசுக்கு ஐஸ்கிறீமும் குடிக்கலாம்.

பகிடியை விடுவோம். செய்யத்தான் வேண்டுமென்றால் மீனைச் சின்னதாக வெட்டித் தேசிக்காய்ப் புளியில் அரை மணித்தியாலம் ஊறவிடுங்கள். சதை வெள்ளையாக மாறும். அது அவிந்த மாதிரித்தான். வெளிநாடுகளில் அப்படியும் சாப்பிடுகிறார்கள். பயமில்லை.

வலைக்காரன் மகன்:

அக்கா, நான் குருநகர். அப்பா தொழிலுக்குப் போனவர், நான் இப்போது மீன் வாங்கி விற்கிறேன். எங்கள் சந்தையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் சொல்கிறேன்: பச்சையாகச் சாப்பிடவென்று எங்கள் சந்தையில் மீன் வாங்காதீர்கள்.

மீன் புதிது. அதில் சந்தேகமே வேண்டாம். இரவு வலை விட்டு விடிய வந்த மீன். ஆனால் கடலுக்கும் உங்கள் பைக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சின்ன பைபர் படகு, எல்லோரும் ஐஸ் கொண்டுபோவதில்லை. மீன் வலையோடு படகின் அடியில் கிடக்கும். கரைக்கு வந்ததும் ஏலம் கூற நிலத்தில் கொட்டுவார்கள். பிறகு வியாபாரியின் பெட்டி, பிறகு வெட்டுகிறவரின் மரக்குற்றி. அந்தக் குற்றியில் திருக்கையும் வெட்டுப்படும், சுறாவும் வெட்டுப்படும், கத்தி ஒன்று, கழுவுகிற வாளித் தண்ணீரும் ஒன்று. அதற்குள் ஒன்பது மணி வெயில் ஏறிவிடும். வீட்டுக்குக் கொண்டுபோய் உடனே புளி விட்டுக் கொதிக்க வைக்கிறவருக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் சாப்பிடுகிறோம். எங்கள் சந்தை அடுப்பை நம்பி நடக்கிற சந்தை.

அடுத்தது சூரை. பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல். சூடை, கீரி, ஓரா, விளை, திரளி, நண்டு, இறால், கணவாய், இவற்றுக்கு இங்கே குறைவில்லை. பெரிய சூரை ஆழ்கடல் மீன். நீங்கள் கொழும்பில் சாப்பிட்டது பெரும்பாலும் மஞ்சள் செட்டைச் சூரையாக இருக்கும், சிங்களத்தில் கெலவல்லா. நீர்கொழும்பு, பேருவளை, காலி, திருகோணமலைப் பக்கத்துப் பலநாட் படகுகள் நீளத் தூண்டில் கயிறு விட்டுப் பிடித்து, ஐசில் புதைத்துக் கொண்டுவருகிற மீன். இலங்கைச் சூரை ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைத் தரம் பிரிக்கிறவர் மீனை வெட்டமாட்டார். மெல்லிய உருக்குக் குழாய் ஒன்றை உள்ளே குத்தி, பென்சில் தடிப்பில் சதை எடுத்து, நிறமும் கொழுப்பும் பார்ப்பார். தேறியது விமானம் ஏறும். தேறாதது உள்ளூர்ச் சந்தைக்கு வரும். அது கறிக்கு அருமையான மீன், உங்கள் மகனின் கோப்பைக்கு அல்ல.

நண்டும் இறாலும் கணவாயும் என்னிடம் கேளுங்கள். அவித்துச் செய்வதென்றால் கொழும்புக் கடை எங்களிடம் பிச்சை வாங்க வேண்டும்.

பழைய பி.எச்.ஐ:

சோளகக்காற்று தம்பி, நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக (பி.எச்.ஐ) இருந்தவன். உங்கள் தேசிக்காய் யோசனையை யாரும் செய்து பார்க்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். புளி பட்டால் சதையின் புரதம் இறுகி வெள்ளையாகும், அவிந்த தோற்றம் வரும். ஆனால் மீனில் இருக்கக்கூடிய அனிசாக்கிஸ் என்கிற புழு அதில் சாகாது. வினாகிரியிலும் சாகாது. ஜப்பானில் வினாகிரியில் ஊறவைத்த கும்பளா சாப்பிட்டவர்களே அந்தப் புழுவால் வயிற்றுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

புழுவுக்கு மருந்து இரண்டு: நன்றாகச் சமைப்பது அல்லது நன்றாக உறைய வைப்பது. ஜப்பான் சுகாதார அமைச்சு சொல்வது மறை 20 பாகையில் 24 மணித்தியாலம். அமெரிக்காவின் கணக்கு இன்னும் இறுக்கம், மறை 20இல் 7 நாள், அல்லது மறை 35இல் உறைய வைத்து 15 மணித்தியாலம். உங்கள் பிரிஜ்ஜின் மேல்தட்டு நல்ல நாளில் மறை 18ஐத் தொடலாம். மின்சாரம் போய் வருகிற நாளில் என்ன தொடும் என்று உங்களுக்கே தெரியும். மஞ்சள் செட்டைச் சூரை போன்ற பெரிய சூரைகளுக்கு அமெரிக்க விதி இந்த உறைய வைத்தலிலிருந்து விலக்குக் கொடுக்கிறது, அவற்றில் இந்தப் புழு அரிது. அதனால் சூரை பயமில்லாத மீன் என்று நினைக்க வேண்டாம். அதன் ஆபத்து வேறு இடத்தில்.

சூரை, கும்பளா, கீரி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்கிற புரதக்கூறு நிறைய உண்டு. மீன் சூட்டில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமின் ஆக்கிவிடும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடிப்புப் போடும். உருவான ஹிஸ்டமின் உறைய வைத்தாலும் போகாது, ஒரு மணித்தியாலம் கொதிக்க வைத்தாலும் போகாது. மணத்திலும் பிடிபடாது, சிலவேளை நாக்கில் மிளகு போலச் சுள்ளென்று மட்டும் காட்டும். எங்கள் பெரியவர்கள் சூரையைக் கிரந்தி என்று ஒதுக்கியதில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. இதைத் தடுக்க ஒரே வழி, பிடித்த நிமிடத்திலிருந்து ஐஸ். குருநகர்த் தம்பி சொன்னது முழுக்கச் சரி.

மூன்றாவது, எங்கள் கடல் வெதுவெதுப்பானது. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் பெருகும். அதில் ஒன்றை முதலில் அடையாளம் கண்டதே ஜப்பானில்தான், 1950இல், ஒசாக்காவில் சின்ன மீன் சாப்பிட்டுப் பலர் வயிற்றோட்டத்தில் விழுந்தபோது. உறைய வைத்தால் எல்லாம் சாகாது. ஆகவே களப்பு நண்டு, மட்டி, இறால் எதையும் பச்சையாக நினைத்தும் பார்க்க வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அல்லது ஈரல் வருத்தமோ சலரோகமோ உள்ளவர்கள் இருந்தால், கொழும்புக் கடையிலும் அவர்களுக்குப் பச்சை வேண்டாம். அம்மா அடுப்பைக் கேட்டது நியாயமான கேள்வி.

சப்போரோ தம்பி:

அக்கா, நான் உரும்பிராய். இப்போது சப்போரோவில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. இந்தக் கோப்பைக்குப் பேர்போன ஹொக்கைடோ தீவில் இருந்துகொண்டு பதில் எழுதாவிட்டால் சரியில்லை.

முதலில் வழக்கைத் தீர்க்கிறேன். இரண்டு பேரும் சரி. வசாபியைச் சோயாவில் கரைத்து மேலே சுற்றி ஊற்றுகிறவர்கள் இங்கே நிறைய. எங்கள் இல்லத்துத் தாத்தாமார் பெரும்பாலும் உங்கள் கட்சி. துண்டின் மேல் கொஞ்சம் வசாபி வைத்து, ஒரு மூலையை மட்டும் சோயாவில் தோய்த்து, சோற்றோடு சேர்த்து எடுப்பது மகனின் கட்சி. மகனின் முறையில் ஒரு நன்மை, வெள்ளை மீனின் சுவை சோயாவில் அமுங்கிப் போகாது. செய்யக்கூடாதது வேறு: மீனையும் சோற்றையும் குழைத்துப் பிசைவது, அப்புறம் குச்சியைச் சோற்றில் நட்டு வைப்பது. செத்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் குச்சி நடுவார்கள். கோப்பையைக் கையில் தூக்கிச் சாப்பிடலாம், அது இங்கே மரியாதைக் குறைவு இல்லை. சில கடைகளில் கடைசிக் கால்வாசிச் சோற்றை மிச்சம் விடச் சொல்லி, அதில் சூடான மீன் சாறு ஊற்றித் தருவார்கள். முதல்முறை அதைக் குடித்தபோது எனக்கு வீட்டில் கடைசிப் பிடி சோற்றுக்கு ஊற்றுகிற சொதிதான் ஞாபகம் வந்தது.

ஊருக்கு ஊர் கோப்பை மாறும். ஹக்கொடாத்தே காலைச் சந்தை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கணவாய்க்குப் பேர், ஆனால் அண்மைக் காலத்தில் பிடிபாடு விழுந்து விலை ஏறிக் கிடக்கிறது. கோடையில் வந்தால் கடல் முள்ளுருண்டையின் மஞ்சள் சினை கிடைக்கும். எங்கள் பக்கத்துப் பாறைகளில் கால் வைத்தால் முள் ஏறுமே, அந்தச் சாதிதான். எனக்குப் பிடித்த இடம் குஷிரோ ஊரின் வஷோ சந்தை. அங்கே முதலில் ஒரு கடையில் வெறும் சோறு வாங்க வேண்டும். பிறகு கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு மீன் கடை கடையாகப் போய், "இதில் ஒரு துண்டு, அதில் இரண்டு" என்று காட்டினால் சோற்றின் மேல் வைத்துத் தருவார்கள். பாசையூரில் இப்படி ஒரு ஏற்பாடு வந்தால் நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுவேன்.

விலைக்கு அம்மாவைச் சமாதானப்படுத்த ஒன்று. இங்கே சாதாரணக் கடையில் மதியக் கோப்பை 1,500 யென்னுக்கும் கிடைக்கும். தோக்கியோவில் மீன் மொத்தச் சந்தை 2018இல் சுக்கிஜியிலிருந்து தொயொசுவுக்கு மாறியது. அதன் பக்கத்தில் 2024 பெப்ரவரியில் திறந்த சுற்றுலாக் கடைத்தொகுதியில் 7,000 யென் அளவில் கோப்பை விற்று, ஜப்பான்காரரே சிரித்தார்கள். வெளிநாட்டுக்காரருக்கென்று வைத்த விலை என்று பட்டப் பெயரும் வைத்தார்கள்.

மீன் விஷயத்தில் ஐயாவும் குருநகர் அண்ணையும் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. இங்கே நல்ல மீனைப் பிடித்த உடனேயே மூளையில் குத்திக் கொன்று, இரத்தத்தை வடித்து, முதுகெலும்பின் நரம்புக்குள் கம்பி விட்டுவிடுவார்கள். மீன் துடித்துக் களைக்காமல் சாவதால் சதை மெதுவாகத்தான் விறைக்கும், சுவையும் நிற்கும். நீங்கள் பார்த்த அந்தப் பிசிறில்லாத, தண்ணீர் விடாத துண்டுக்குப் பின்னால் இப்படி ஒரு வரிசை வேலை இருக்கிறது. கத்தி கடைசி ஆள். இன்னொன்று, சல்மனைப் பச்சையாகச் சாப்பிடுவது ஜப்பானில் பழைய வழக்கம் இல்லை. கடலில் பிடிக்கிற சல்மனில் புழுப் பயம். 1980களில் நோர்வே தன் வளர்ப்புச் சல்மனை இங்கே விற்க வந்த பிறகுதான் அது பரவியது. ஆகவே "ஜப்பான்காரன் எல்லாவற்றையும் பச்சையாகத் தின்பான்" என்று ஊரில் சொல்வது சரியில்லை. இங்கேயும் கோப்பையில் வருகிற நண்டு பெரும்பாலும் அவித்த நண்டுதான். இறாலும் பல கடைகளில் அவித்ததுதான், சதை கண்ணாடிபோல இல்லாமல் வெள்ளையாக இருந்தால் அது அவித்தது.

அதனால் நீங்கள் அவித்த கோப்பை வைத்தாலும் அது போலி இல்லை. என் யோசனை இது.

சோறு: கொழும்பு சுப்பர் மார்க்கெட்டில் சுஷி அரிசிப் பைக்கற் கிடைக்கும். இல்லாவிட்டால் பொங்கலுக்கு எடுக்கிற வெள்ளைப் பச்சையரிசியில் குறுமணியாகப் பார்த்து வாங்குங்கள். புழுங்கல் வேண்டாம், ஒட்டாது. தண்ணீர் தெளியும் வரை கழுவி, அரை மணித்தியாலம் ஊறவிட்டு, வடிக்காமல் அளவுத் தண்ணீரில் ஆக்குங்கள். 2 கப் அரிசிக்கு அரிசி வினாகிரி 4 மேசைக்கரண்டி, சீனி 2 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, சேர்த்துச் சூடாக்கிக் கரைத்து வையுங்கள், கொதிக்க வேண்டாம். எங்கள் தென்னங்கள்ளு வினாகிரி என்றால் 3 போதும், அது காரம் கூட. சோற்றை அகலத் தட்டில் கொட்டி, கரைசலைத் தெளித்து, அகப்பையை வெட்டுவது போல நிறுத்திப் பிரட்டுங்கள். அழுத்தினால் களியாகிவிடும். ஒருவர் பிரட்ட ஒருவர் விசிறியால் விசிற வேண்டும், அந்த வேலையை மகனிடம் கொடுங்கள். கைச்சூடு வந்ததும் ஈரத் துணியால் மூடுங்கள். பிரிஜ்ஜில் வைக்காதீர்கள், கல்லாகிப் போகும்.

மேலே வைக்க: நண்டை அவித்து உதிர்த்த சதை, அவித்துக் குளிர வைத்த இறால், கணவாய். கணவாயைக் கொதிநீரில் போட்டு, உள்ளும் சூடேறி வெள்ளையானதும் உடனே எடுத்து ஐஸ் தண்ணீரில் போடுங்கள். விட்டுவிட்டால் ரப்பர். முட்டைக்குக் கொஞ்சம் சீனியும் சோயாவும் போட்டு, மெல்லியதாக ஊற்றிச் சுருட்டிச் சுருட்டித் தடிப்பாக்குங்கள். எங்கள் கடைகளின் கெட்டிக் கறுப்புச் சோயா சோஸ் இதற்குச் சரிவராது, கிக்கோமன் மாதிரி ஜப்பான் சோயா சோஸ் ஒன்று தேடுங்கள். வசாபிக்குக் கவலை வேண்டாம், குழாயில் விற்பதில் பெரும்பகுதி முள்ளங்கிச் சாதிக் கிழங்கு ஒன்றுக்குப் பச்சை நிறம் போட்டதுதான், உண்மை வசாபி இங்கேயே விலை கூட. அந்த வெட்டு விளிம்பு இலை ஷிசோ, துளசிக் குடும்பம். கிடைக்காவிட்டால் வெள்ளரிக்காய் மெல்லியதாகச் சீவி வையுங்கள்.

கடைசியாக, இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். மிசோ சூப்பின் தண்ணீரே பெரும்பாலும் மீன் தண்ணீர். புகையில் காயவைத்துச் சீவிய சூரைக் கருவாடு, எங்கள் மாசிக் கருவாட்டுக்குப் போகிற அதே சாதி மீன். பொரியலுக்குத் தோய்க்கக் கொடுக்கிற சாறும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை விரதம் சூப்போடு போயிற்று.

சோளகக்காற்று:

தேசிக்காய் யோசனையை வாபஸ் வாங்குகிறேன் ஐயா. ஐஸ்கிறீம் யோசனை அப்படியே இருக்கட்டும்.

கொழும்புத்துறைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. சப்போரோ தம்பியின் கடைசிப் பந்தியை வாசித்துவிட்டு குசினிக்குள் போய்ச் சிரித்தேன். அம்மா என்னவென்று கேட்டார், மகனின் பகிடி என்று சமாளித்தேன். அந்தச் சூப் நல்லதென்று அம்மா இரண்டாம் கிண்ணம் வேறு கேட்டுக் குடித்தவர்.

மகனிடம் முழுவதையும் வாசிக்கக் கொடுத்தேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் ஐயா எழுதிய ஹிஸ்டமின் பகுதியை இரண்டாம் தரமும் வாசித்துவிட்டு, "அப்ப சமைச்சாலும் போகாதா? அப்ப நாங்கள் வாங்கிற சூரை?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதனால் இனிச் சூரை வாங்கப் போகும்போது ஐஸ் பெட்டியை நானே கொண்டுபோவதென்று முடிவு. அது ஒரு பக்கம்.

பிறந்தநாளுக்கு அவித்த கோப்பைதான். நண்டு, இறால், கணவாய், சுருட்டு முட்டை. விசிறிக்கு மகன், பனை ஓலை விசிறி வீட்டில் இருக்கிறது. பச்சை மீன் வேண்டுமென்றால் அம்மாவின் விசா முடிவு வந்து மறுபடி கொழும்புக்குப் போகும்போது கடையில் சாப்பிடட்டும், அந்த ஐஸ் வேலையெல்லாம் செய்கிறவர்கள் வாங்கட்டும் காசை. யோசித்தால் நாலாயிரம் அவ்வளவு அநியாயமாகவும் தெரியவில்லை. இதையும் அம்மாவிடம் சொல்ல முடியாது.

குருநகர்த் தம்பி, நண்டு உங்களிடம்தான் எடுக்கப் போகிறேன். உதிர்த்துச் சதை எடுக்க எது நல்லது, பெரிதா நடுத்தரமா? எட்டுப் பேர் சாப்பிடுவோம். கணவாய் ஊசியா ஓடா?

வலைக்காரன் மகன்:

நண்டு நடுத்தரம் எடுங்கள் அக்கா, பெரிதில் விலைதான் கூட. தூக்கிப் பார்த்தால் அளவுக்கு மிஞ்சிக் கனக்க வேண்டும். வயிற்றுப் பக்கம் விரலால் அமத்தினால் உள்ளே போகக்கூடாது. நிலவுக் காலத்து நண்டு வேண்டாம், அதில் சதை இராது என்பது எங்கள் பக்கத்துச் சொல், நானும் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறேன். பிறந்தநாள் நிலவுக்குள் விழுந்தால் முதலே சொல்லுங்கள், இறாலைக் கூட்டி நண்டைக் குறைப்போம்.

எட்டுப் பேருக்குச் சோற்றின் மேல் தூவத்தானே, இரண்டரைக் கிலோ நண்டு காணும். உதிர்க்க ஆள் வேண்டும், அதுதான் பாடு. கணவாய் ஊசி எடுங்கள், சின்னது. ஓட்டுக் கணவாய் தடிப்பு, கறிக்குத்தான். உயிர் நண்டு வேண்டுமென்றால் முதல்நாள் பின்னேரம் அறிவித்துவிட்டு விடிய ஆறு மணிக்குள் வாருங்கள். ஞாயிறு வராதீர்கள், விலையும் கூட, எனக்குக் கதைக்கவும் நேரமிருக்காது.